முதற்செய்தி கொணர்ந்தவர்: புள்ளலூர்ப் போரும் (1780) நேரிற் கண்டோர் பதிவுகளும்

ஆய்வுச் சுருக்கம்

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூரில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப்பிரிவு ஒன்று மைசூர்ப் படையிடம் முற்றாகத் தோற்றது. போர்ச் செய்தியாளர் என்னும் தொழில் உருவாகாத காலம் அது. அப்போரை நேரிற் கண்டவர்களின் பதிவுகள் என இன்று எடுத்தாளப்படும் கடிதம், சிறைக்குறிப்பு, அச்சு நூல், சுவரோவியம் ஆகியவற்றை, அவற்றை உருவாக்கியவர் எங்கே நின்றார் என்னும் வினாவோடு இக்கட்டுரை வாசிக்கிறது. களத்திலிருந்து முதற்செய்தியைக் கொணர்ந்த உள்நாட்டுச் சிப்பாயும், போர் நிகழ்ந்த மண்ணின் மக்களும் இப்பதிவுகளில் இடம்பெறும் முறையையும், அவர்களை அணுகுவதற்கு உதவும் வேறுவகைச் சான்றுகளையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: புள்ளலூர்ப் போர், ஐதர் அலி, கர்னல் பெய்லி, தாமஸ் மன்றோ, போர்ச் செய்தி, செங்கற்பட்டு ஜாகீர், கண்கண்ட சாட்சியம்

முன்னுரை

போர்க்களத்துக்குச் சென்று, கண்டதை எழுதி, நாளிதழுக்கு அனுப்புவதைத் தொழிலாகக் கொண்டவரைப் போர்ச் செய்தியாளர் என்கிறோம். இதழியல் வரலாற்றாசிரியர்கள் இத்தொழிலின் தொடக்கத்தைப் பெரும்பாலும் 1854இல் கிரிமியப் போருக்குச் சென்ற 'தி டைம்ஸ்' இதழாளர் வில்லியம் ஹோவர்டு ரசலிடம் காண்கின்றனர். அவரே 1858இல் இந்தியாவுக்கு வந்து, ஆங்கிலப் படை லக்னோவைக் கைப்பற்றியதையும் எழுதினார். நேரில் பார்த்தல், காலந்தாழ்த்தாது அனுப்புதல், போரிடும் தரப்புகளுள் ஒன்றாக இல்லாதிருத்தல் ஆகியவை இத்தொழிலுக்குரிய தகுதிகளாகக் கொள்ளப்பட்டன. மூன்றாவது தகுதி ரசலுக்கே முழுமையாக வாய்த்ததா என்பது ஐயத்துக்குரியது. படையோடு உண்டு, படையோடு உறங்கி, படையின் பாதுகாப்பில் பயணம் செய்தவரே அவரும்.

போர் நிகழும் மண்ணிலேயே பிறந்து, அங்கேயே குடியிருந்து செய்தி அனுப்புபவரின் நிலை வேறு. இலங்கைப் போர் இதற்கு அண்மைக்காலச் சான்று. பிபிசி தமிழோசைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி அனுப்பிவந்த மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபர் 19 அன்று இரவு, ஊரடங்கு நடப்பிலிருந்தபோது, தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் வன்னியிலிருந்து வெளியேறும் வழியில் லண்டன் செய்தியாளர் மேரி கொல்வின் ஒரு கண்ணை இழந்தார். அவர் 2012இல் சிரியாவில் கொல்லப்பட்டபோது உலகம் முழுவதும் அவரை நினைவுகூர்ந்தது. அதற்கு அவர் முற்றிலும் தகுதியானவரே. நிமலராஜனின் பெயரோ தமிழ் இதழியல் வகுப்பறைகளிற்கூட அரிதாகவே ஒலிக்கிறது. 2009இல் போரின் இறுதி மாதங்கள் தற்சார்புடைய செய்தியாளர் எவரும் உள்ளே அனுமதிக்கப்படாத நிலையில் கழிந்தன. யார் கண்டார், யார் சொன்னார், யார் சொல்லியதை ஏற்பது என்னும் வழக்கு இன்றளவும் முடியவில்லை.

இவ்வழக்கு புதிதன்று. இக்கட்டுரையாளர் வாழும் செவிலிமேடு காஞ்சிபுரத்தின் தென்புறத்தில், பாலாற்றை ஒட்டியுள்ளது. இங்கிருந்து நகரைக் கடந்து வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால் புள்ளலூர் வந்துவிடும். ஆங்கில நூல்களில் 'பொல்லிலூர்' என வழங்கும் களம் இதுவே. பல்லவ வரலாறு பயில்வோர்க்கு இவ்வூர் ஏற்கெனவே அறிமுகமானது. முதலாம் மகேந்திரவர்மன் பகைவரை வென்ற இடமாகக் காசக்குடிச் செப்பேடு இதனையே குறிக்கிறது. அப்போரை விட்டு, 1780ஆம் ஆண்டுப் போரை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கண்கண்ட சாட்சியம் என்பது எவ்வாறு உருவாகிறது என்பதை ஓரளவு நெருங்கிப் பார்க்க அது இடந்தருகிறது.

களம்

1780 ஜூலையில் ஐதர் அலியின் பெரும்படை மலைக்கணவாய்களைக் கடந்து கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கியது. ஆகஸ்டில் ஆர்க்காடு முற்றுகைக்கு உள்ளானது. பக்சார் போரில் (1764) வென்று பெயர்பெற்ற சர் ஹெக்டர் மன்றோ கம்பெனியின் முதன்மைப் படையோடு சென்னையை அடுத்த பரங்கிமலையிலிருந்து புறப்பட்டு, ஆகஸ்டு இறுதியில் காஞ்சிபுரத்தை அடைந்தார். குண்டூரிலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்த கர்னல் வில்லியம் பெய்லியின் பிரிவும் காஞ்சிக்கு வந்து சேர்ந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

ஏற்பாட்டைக் கெடுத்தது கொசஸ்தலையாறு. பெய்லி வடகரையில் தங்கிய இரவில் ஆற்றில் வெள்ளம் புரண்டது. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் அவ்வாற்றைக் கடக்க அவர் நாட்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கம் அருகே திப்புவின் படை அவரைத் தாக்கியது. அத்தாக்குதலைச் சமாளித்த பெய்லி, தம்மால் தனித்து முன்னேற இயலாது என்று மன்றோவுக்குத் தெரிவித்தார். மன்றோ தம் முழுப்படையோடும் செல்லவில்லை. காஞ்சியின் பெரிய கோயிலில் அவர் சேமித்திருந்த சிறிதளவு தானியமும் தளவாடமும் அவரை அங்கேயே பிணைத்தன. செப்டம்பர் 8 இரவில் கர்னல் பிளெட்சர் தலைமையில் ஏறத்தாழ ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினார். அவர்கள் சேர்ந்தபின் பெய்லியின் படை நான்காயிரத்தை நெருங்கியது. அதில் ஐரோப்பியர் சில நூற்றுவரே. எஞ்சியோர் உள்நாட்டுச் சிப்பாய்கள்.

9ஆம் நாள் இரவு நடைபயணத்தின் நடுவே பெய்லி படையை நிறுத்தினார். சில மணிநேரம் நடந்திருந்தால் காஞ்சியை நெருங்கியிருக்கலாம். ஏன் நிறுத்தினார் என்பதற்கு உயிரோடு திரும்பியவர்கள் தந்த விளக்கங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பொழுது விடிந்தபோது பாதையின் முன்னே திப்புவின் பீரங்கிகள் நிறுத்தப்பட்டிருந்தன. சற்றுநேரத்தில் ஐதரின் முதன்மைப் படையும் வந்து சூழ்ந்தது. சதுர அணிவகுப்பில் நின்ற கம்பெனிப் படையின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அதன்பின் நெடுநேரம் எதிர்த்து நிற்க வழியில்லாமல் பெய்லி சரணடைந்தார். பிளெட்சர் களத்திலேயே மாண்டார். அதிகாரிகள் 86 பேரில் 36 பேர் மாண்டனர், 34 பேர் காயத்தோடும் 16 பேர் காயமின்றியும் சிறைப்பட்டனர் என்னும் கணக்கு வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. சிப்பாய்களுக்கு இப்படி ஒற்றையொற்றையாக எண்ணிய கணக்கு எதுவும் அவற்றோடு வருவதில்லை. இவ்வேறுபாடு பின்னர் விவாதிக்கப்படும்.

மன்றோ மறுநாள் காஞ்சியிலிருந்து பின்வாங்கினார். கொண்டுசெல்ல இயலாத கனரகப் பீரங்கிகளைக் கோயில் குளத்துள் தள்ளிவிட்டு, செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பினார்.

கடிதம்: கேட்டதும் கண்டதும்

இப்போரைப் பற்றி மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் ஆவணங்களுள் ஒன்று ஒரு பத்தொன்பது வயது இளைஞனின் கடிதம். 1780 ஜனவரியில் சென்னை வந்திறங்கிய தாமஸ் மன்றோ, போர் முடிந்த அடுத்த மாதம் கிளாஸ்கோவிலிருந்த தந்தைக்கு அதனை விரிவாக எழுதினார். ரயத்துவாரி முறையோடும், சென்னைத் தீவுத்திடலில் நிற்கும் குதிரைச் சிலையோடும் நாம் தொடர்புபடுத்தி அறிந்திருக்கும் அதே மன்றோதான். படைத்தலைவர் ஹெக்டர் மன்றோவினின்று வேறுபடுத்த இங்கே இவரைத் தாமஸ் எனக் குறிப்பிடுவேன். கடிதங்களைக் கிளெய்க் என்பவர் 1830இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் காணலாம்.

கடிதம் தெளிவானது. நாள், தூரம், படை எண்ணிக்கை, உணவுத் தட்டுப்பாடு ஆகியவற்றை ஒழுங்காகக் கூறுகிறது. மேலதிகாரிகளின் பிழையைச் சுட்டத் தயங்கவில்லை. பிற்கால வரலாற்றாசிரியர்கள் இதனை விரும்பியதற்குக் காரணம் இதுவே. எனினும் ஓர் எளிய வினாவை இதன்முன் வைக்க வேண்டியுள்ளது. செப்டம்பர் 10 காலையில் தாமஸ் எங்கே இருந்தார்? ஹெக்டர் மன்றோவின் படையில் இருந்தார். போர் நடந்த இடத்துக்கும் அவருக்கும் இடையே பல கல் தொலைவு இருந்தது. பீரங்கியொலி அவருக்குக் கேட்டது. படை களத்தை நோக்கி நகர்ந்தபோது தொலைவில் எழுந்த புகை தெரிந்தது. சதுர அணி எவ்வாறு உடைந்தது, வெடிமருந்து எவ்வாறு வெடித்தது, பெய்லி எவ்வாறு சரணடைந்தார் என்பவற்றுள் ஒன்றையும் அவர் காணவில்லை. கடிதத்தின் முற்பகுதி கண்ட சாட்சியம். நடுப்பகுதி கேட்ட செய்தி. பிற்பகுதியான பின்வாங்கல் மீண்டும் கண்ட சாட்சியம். நடை மட்டும் எங்கும் மாறவில்லை. ஒரே உறுதியான குரலில் எழுதப்பட்டிருப்பதால் வாசகர்க்கு இம்மூன்றையும் பிரித்தறிவது கடினமாகிறது.

இதனைத் தாமசின் குறையாகக் கொள்ளலாகாது. தந்தைக்கு எழுதும் மகன் சான்றுமூலங்களைப் பட்டியலிடுவதில்லை. குறை, அக்கடிதத்தைக் களத்திலிருந்து வந்த அறிக்கைபோல எடுத்தாளும் பிற்கால வழக்கத்தில் உள்ளது.

அன்று வேறுவழியிலும் செய்தி பரவ இடமில்லை. இந்தியாவின் முதல் அச்சு இதழான ஹிக்கியின் 'பெங்கால் கெஜட்' அவ்வாண்டு ஜனவரி 29 அன்றுதான் கல்கத்தாவில் தொடங்கியிருந்தது. சென்னைக்கு 'மெட்ராஸ் கூரியர்' 1785இல்தான் வந்தது. புள்ளலூரில் துப்பாக்கி முழங்கிய நாளில் சென்னை நகரத்தில் ஒரு செய்தித்தாள்கூட இல்லை. எனவே தனிக்கடிதம், கம்பெனியின் அலுவல் கடிதம், வாய்மொழி ஆகியவையே செய்தியின் ஊர்திகளாக இருந்தன.

சிறையிலிருந்து எழுதியவர்கள்

களத்தில் உண்மையாகவே நின்றவர்கள், சிறைப்பட்ட அதிகாரிகள். அவர்கள் சீரங்கப்பட்டினத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1784 மார்ச் மாதத்து மங்களூர் உடன்படிக்கைக்குப் பிறகே விடுதலை பெற்றனர். பெய்லி அதுவரை வாழவில்லை, 1782இல் சிறையிலேயே இறந்தார். பின்னாளில் சீரங்கப்பட்டினத்தைக் கைப்பற்றும் தாக்குதலுக்குத் தலைமையேற்ற டேவிட் பேர்டு அச்சிறையாளிகளுள் ஒருவர்.

புள்ளலூரில் சிறைப்பட்ட ஜான் லிண்ட்சேயின் சிறைக்குறிப்பு, அவருடைய குடும்ப வரலாற்றின் பகுதியாக அறுபதாண்டுகள் கழித்து அச்சேறியது. 1788இல் லண்டனில் வெளிவந்த 'ஆசியாவில் நிகழ்ந்த அண்மைப் போரின் நினைவுக்குறிப்புகள்' என்னும் நூல் வேறுவகை. பெய்லி பிரிவின் அதிகாரி ஒருவர் எழுதிய சிறை வரலாறும் உள்ளடங்கியது எனத் தலைப்பிலேயே அந்நூல் அறிவித்துக்கொண்டது. ஆயினும் அதனைத் தொகுத்தவராகக் கருதப்படும் வில்லியம் தாம்சன், லண்டனில் எழுத்தைப் பிழைப்பாகக் கொண்டிருந்தவர். அடுத்த ஆண்டு இன்னஸ் மன்றோ என்னும் படையதிகாரியின் நூல் வந்தது. மூன்றாம் மைசூர்ப் போர் 1790இல் தொடங்கவிருந்தது. 'மைசூர்ச் சிறையில் ஆங்கிலேயர் பட்ட துன்பம்' என்பது அன்றைய லண்டன் வாசகரிடையே மிக நன்றாக விலைபோன பொருள். இத்தகைய சிறைநூல்களின் அரசியலை லிண்டா காலி தமது 'கேப்டிவ்ஸ்' (2002) நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆகவே இங்கே அதனைத் தவிர்க்கிறேன்.

நம் நோக்கத்துக்குத் தேவையானது ஒன்றே. நேரிற் கண்டவரின் பதிவு என்றாலும் போர் சில மணிநேர நிகழ்ச்சி, சிறை மூன்றரை ஆண்டு. விலங்கு, நோய், படிப்பணம், உடனிருந்தோரின் இறப்பு ஆகியவை நாள்தோறும் திரும்ப வந்தன. சண்டை ஒருமுறைதான் நடந்தது, அதையே சிறைத்தோழர்கள் நூறுமுறை தமக்குள் பேசியிருப்பர். எனவே விடுதலைக்குப் பின் அச்சில் வந்த போர் விவரம் ஒரு தனிமனிதன் கண்டது எனக் கொள்வதைவிட, சிறைக்கொட்டடியில் பலர் சேர்ந்து ஒழுங்குபடுத்திய கதை எனக் கொள்வது பொருந்தும். ஒரே சிறையில் இருந்த பலரின் நூல்கள் ஒத்துப்போவதை வலுவான ஒத்துறுதியாகக் கருதும் ஆய்வு நெறி இவ்விடத்தில் சறுக்கிவிடுகிறது.

வெடிமருந்து வண்டிகள்

ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியைக் கொண்டு இதனைச் சோதித்துப் பார்க்கலாம். போரின் திருப்புமுனை வெடிமருந்து வண்டிகள் வெடித்ததே என்பதில் எல்லாத் தரப்பினரும் உடன்படுகின்றனர். எதனால் வெடித்தன என்பதில் உடன்பாடில்லை. மைசூர்ப் படையின் பீரங்கிக் குண்டு என்பது ஒரு கூற்று. தற்செயலாகத் தீப்பற்றியது என்பது மற்றொன்று. மைசூரின் இரும்புக்குழல் ஏவுகணைகளே தாக்கின என்பது இன்றைய பொதுவாசிப்பில் வேரூன்றிவிட்ட கூற்று.

மூன்றாவது கூற்றின் செல்வாக்கைப் புரிந்துகொள்வது எளிது. திப்புவின் ஏவுகணைகள் ஆங்கிலேயரின் காங்கிரீவ் ஏவுகணைக்கு முன்னோடியாயின என்பது தொழில்நுட்ப வரலாற்றில் நிறுவப்பட்டது. அமெரிக்காவின் வாலப்ஸ் விண்வெளி மையத்தில் திப்பு படையின் ஏவுகணைப் போரைக் காட்டும் ஓவியத்தைக் கண்டதாக அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் எழுதியதைப் படிக்காத தமிழ் மாணவர் குறைவு. இப்பெருமிதத்தின் வெளிச்சத்தில் புள்ளலூரைத் திரும்பிப் பார்க்கும்போது, புகை மண்டிய களத்தில் எந்தப் பொறி எந்த வண்டியில் விழுந்தது என்பதுகூடத் தெளிவாகத் தெரிவதுபோலத் தோன்றுகிறது. ஏவுகணைகள் அப்போரில் இருந்தன. வண்டிகள் வெடித்தன. இரண்டையும் காரணகாரியமாக இணைக்குமிடத்தில் ஆய்வாளர் நிதானிக்க வேண்டும்.

மைசூர்த் தரப்புப் பதிவுகளும் இவ்வாறே வாசிக்கத் தக்கவை. மீர் உசேன் அலி கான் கிர்மானி பாரசீகத்தில் எழுதிய 'நிஷான்-இ-ஐதரி' திப்பு மறைந்தபின் எழுதி முடிக்கப்பட்டது. அதனைக் கர்னல் மைல்ஸ் ஆங்கிலத்தில் தந்தார். சீரங்கப்பட்டினம் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் திப்பு தீட்டுவித்த பேரோவியம் இன்னும் புகழ்பெற்றது. நடுவில் பல்லக்கிலமர்ந்த பெய்லி, சுற்றிலும் சதுர அணி, வெடிக்கும் வண்டி, யானைமீதும் குதிரைமீதும் மைசூர்த் தலைவர்கள், தொலைநோக்கியோடு பிரெஞ்சு அதிகாரி லாலி என அது போரின் எல்லாத் தருணங்களையும் ஒரே காட்சியில் திரட்டித் தருகிறது. இடையில் சுண்ணம் பூசி மறைக்கப்பட்டு, ஆங்கிலேயர் காலத்தில் மீட்டெடுக்கப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மீண்டும் தீட்டப்பட்டது. தோற்றவர்களே தம் தோல்வியின் ஓவியத்தைப் புதுப்பித்தார்கள் என்பது வியப்புக்குரிய செய்திதான். ஆனால் இன்று நாம் காணும் வண்ணத்தில் எது 1784ஆம் ஆண்டுக் கை, எது பிற்காலக் கை என்பதைக் கலைவரலாற்றாளரிடம் கேட்டறியாமல், ஓவியத்தைப் போர்ச் சான்றாகக் கொள்ள இயலாது.

வழிகாட்டியும் சிப்பாயும்

இப்பதிவுகளில் உள்ளூர் மக்கள் வராமலில்லை. எப்படி வருகிறார்கள் என்பதே கவனிக்கத்தக்கது.

முதலாவதாக வழிகாட்டிகள். செப்டம்பர் 8 இரவு பிளெட்சர் புறப்பட்டபோது, அவருக்கு வழிகாட்ட வந்தவர்கள் ஐதரிடம் பணம்பெற்றவர்கள் என ஐயுற்று, வேறு பாதையில் படையைத் திருப்பினார் என்று ஆங்கில வரலாறுகள் கூறுகின்றன. அந்த மாற்றத்தால் அவர் பிரிவு தாக்குதலின்றிப் பெய்லியை அடைந்தது. வழிகாட்டிகளின் ஊர் எது, பெயர் என்ன, ஐயம் மெய்தானா என்பவற்றை எவரும் எழுதவில்லை. இரண்டு படைகளுக்கு நடுவே அகப்பட்ட காஞ்சி வட்டாரத்து மனிதர் ஒருவர், இரவில் ஒரு படைக்கு வழிகாட்ட அழைக்கப்படுகிறார். மறுத்தால் அடி, சென்றால் மறுநாள் மறுதரப்பின் பழி. இவரைத் துரோகி என்றோ உண்மையாளர் என்றோ வகைப்படுத்துவதற்கு முன், இவருக்கு இரண்டில் எந்தப் படையின்மீது கடப்பாடு இருந்தது என்று கேட்க வேண்டியுள்ளது.

இரண்டாவதாக அந்தச் சிப்பாய். செப்டம்பர் 10 காலை ஹெக்டர் மன்றோவின் படை துப்பாக்கியொலி வந்த திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. ஒலி நின்றது. பெய்லி வென்றாரா தோற்றாரா என்பது தெரியவில்லை. அப்போது களத்திலிருந்து தப்பிவந்த, காயம்பட்ட சிப்பாய் ஒருவர் எதிர்ப்பட்டு, பெய்லியின் படை அழிந்தது என்ற செய்தியைச் சொன்னார். மன்றோ அதன்பின் காஞ்சிக்குத் திரும்பினார். பீரங்கிகள் குளத்தில் மூழ்கியதும், படை செங்கற்பட்டுக்கு ஓடியதும், சென்னை நகரம் கலங்கியதும் இச்செய்திக்குப் பின் நிகழ்ந்தவை.

நேரில் கண்டவர், உடனே சொன்னவர் என்னும் இரு தகுதிகளிலும் புள்ளலூர்ப் போரின் முதற்செய்தியாளர் இவரே. இன்றைய போர்ச் செய்தியாளரிடம் எதிர்பார்க்கும் எச்சரிக்கையோடு அவர் சொல்லை எடைபோட ஹெக்டர் மன்றோவுக்கு நேரமில்லை, சொன்னதை அப்படியே நம்பினார். நம்பியது சரியாகவும் இருந்தது. ஆனால் ஆங்கில விவரங்களில் அச்சிப்பாய்க்குக் கிடைப்பது ஒரு வாக்கியம். அவர் எம்மொழியில் பேசினார்? கம்பெனியின் கர்நாடகப் படையில் தமிழரும் தெலுங்கரும் உருது பேசுவோரும் கலந்திருந்தனர். அவர் சொன்னதை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தளபதியிடம் கூறிய இன்னொருவர் இடையில் இருந்திருக்கக்கூடும். எழுத்தில் எஞ்சியது, பெயர்த்துச் சொல்லப்பட்டதன் சாரம் மட்டுமே. அச்சிப்பாய் கண்டதை முழுமையாகக் கேட்டு எழுதியிருந்தால், தாமசின் கடிதத்தின் நடுப்பகுதிக்கு இத்தனை முக்கியத்துவம் வந்திராது.

86 அதிகாரிகளுக்கும் ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்கும் வேறுவேறு எண்ணும் முறை கையாளப்பட்டதாக மேலே குறிப்பிட்டேன். அதனை இத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒருவருக்குப் பெயர் இருந்தால் அவருக்கு மாண்டார், காயம்பட்டார், தப்பினார் என்ற தனி விதி இருக்கிறது. பெயரின்றித் தொகையாக எண்ணப்பட்டவர்க்கு விதியும் தொகையாகவே எழுதப்பட்டது. சரணடைந்த பின்பும் கொலை தொடர்ந்ததையும், பிரெஞ்சு அதிகாரிகள் தலையிட்டுப் பலரைக் காத்ததையும் நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. காக்கப்பட்டவர்களாக அங்கே விவரிக்கப்படுவோர் ஐரோப்பியரே.

தமிழில் எழுதியவர்களும் எழுதாத சான்றுகளும்

போரைத் தமிழில் நாள்தோறும் எழுதும் மரபு அதற்கு முன்பே நம்மிடம் இருந்தது. புதுச்சேரித் துபாசி ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில், 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியதும், 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டதும் விரிகின்றன. இன்ன செய்தியை இன்னார் இன்ன நேரத்தில் வந்து சொன்னார் என்று பதிவது அவர் வழக்கம். தாமசின் கடிதத்தில் நாம் தேடிக் காணாத பிரிப்பு இங்கே இயல்பாகவே அமைந்திருக்கிறது. போரைச் சந்தை விலையிலும், ஊரைவிட்டு ஓடுவோரின் மூட்டையிலும் அவர் கண்டார். அவர் வணிகர் என்பது இதற்கு உதவியது. அதே நகரில் இரண்டாம் வீராநாயக்கர் எழுதிய நாட்குறிப்பு 1778 முதல் 1792 வரையான காலத்தைத் தழுவுகிறது. புள்ளலூர்ப் போரும் அதன் பின்விளைவும் அக்காலத்துள் அடங்குகின்றன. ஆனால் இவ்விருவரும் நின்று நோக்கியது புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து. காஞ்சியின் உள்நாட்டுக்கு அவர்களும் தொலைவிலிருந்தவர்களே. வட்டார வாய்மொழியிலோ, தேசிங்குராசன் கதையும் கான்சாகிபு சண்டையும் பெற்ற இடத்தைப் புள்ளலூர் பெறவில்லை.

இந்நிலையில் 'கண்ட சாட்சி' என்பதை எழுத்தறிந்த தனிமனிதரின் வாக்குமூலமாக மட்டும் தேடுவதை விட்டு, நிலத்தின் கணக்கில் தேடுவது பயன்தரும். காஞ்சிபுரமும் புள்ளலூரும் அடங்கிய செங்கற்பட்டு ஜாகீர் 1763இல் நவாபினால் கம்பெனிக்கு அளிக்கப்பட்டது. தாமஸ் பர்னார்டு 1767க்கும 1774க்கும் இடையே அதன் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார். ஊர்தோறும் வீடுகள், குடிகளின் தொழில், ஏரிகள், விளைச்சல், அதில் கோயிலுக்கும் கணக்கனுக்கும் வெட்டியானுக்கும் உரிய பங்கு ஆகியவை பதிவாயின. ஊர்க் கணக்கர்கள் பனையோலையில் எழுதிய தமிழ்க் கணக்குகளே அதன் அடித்தளம். போருக்கு ஆறாண்டுகளுக்கு முன் முடிந்த கணக்கு இது. போருக்குப் பின் 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராயிருந்த லயனல் பிளேசின் அறிக்கைகள், குடிகள் பெயர்ந்து பாழ்பட்ட ஊர்களையும், உடைந்த ஏரிகளையும் மீண்டும் மீண்டும் பேசுகின்றன. மதுராந்தகத்தில் 'ஏரி காத்த இராமர்' கதையில் வரும் கலெக்டர் துரை இவரே. அக்கதையை வெறும் பக்திக் கதையாகக் கொள்வோர், ஏரி காக்கும் கவலை அத்தலைமுறைக்கு ஏன் அவ்வளவு பெரிதாயிருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

பர்னார்டு கணக்கையும் பிளேசின் அறிக்கையையும் ஊர் ஊராக எதிரெதிரே வைத்தால், 1780க்கு முன் இருந்த நெசவாளர் வீடு எது, பின்னர் இல்லாமற்போனது எது என்பதை அணுக முடியும். இதில் ஒரு தடையும் உண்டு. அழிவு முழுவதையும் ஐதரின் குதிரைப்படைமீது ஏற்றுவது பிளேசுக்கு வசதியாயிருந்தது. கம்பெனியின் குத்தகைதாரர்கள் கசக்கிப் பிழிந்ததும், பின்வாங்கிய படை வழியில் எடுத்துக்கொண்டதும் அக்கணக்கில் மங்கிப்போகின்றன. இலண்டன் நாடாளுமன்றத்தில் 1785 பிப்ரவரியில் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி எட்மண்டு பர்க் ஆற்றிய உரை, ஐதரின் படையெடுப்பால் கர்நாடகம் அழிந்ததை விவரிப்பதற்காகவே புகழ்பெற்றது. பர்க் தம் வாழ்நாளில் இந்தியாவுக்கு வந்ததில்லை.

மக்கள் நாவில் இப்போர்க்காலம் ஓரிடத்தில் தங்கியிருக்கிறது. போரும் அதன் வால்பிடித்து வந்த பஞ்சமும் ஊர்ப்புற மக்களைச் சென்னைக்குத் துரத்தின. 1782இல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடமே மணியக்காரர் சத்திரம். அதனோடு தொடர்புடையதாக வளர்ந்த மருத்துவமனை இன்று ஸ்டான்லி அரசு மருத்துவமனை. வடசென்னை முதியோர் அதனைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொல்வர். காஞ்சி வட்டாரத்திலிருந்து அத்தொட்டிக்குச் சென்று கையேந்தியவர்கள் எவரும் நூல் எழுதவில்லை. பெயர் மட்டும் நின்றது.

களத்தில் இன்று

செவிலிமேட்டில் இராமானுசரோடு இணைத்துச் சொல்லப்படும் சாலைக் கிணறு உள்ளது. விந்தியக் காட்டிலிருந்து வேடர் கோலத்தில் வந்த தம்பதியர் அவரைக் காஞ்சிக்கு அழைத்துவந்த கதையும், அவர் அக்கிணற்று நீரை வரதராசருக்குச் சுமந்த கதையும் ஊரில் சிறுவர்களுக்கும் தெரியும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சியை இவ்வளவு துல்லியமாக இடம்சுட்டிச் சொல்லும் ஊர், இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் தன் வடக்கே கேட்ட பீரங்கியொலியைச் சொல்வதில்லை. விழாவாக ஆண்டுதோறும் திரும்ப நிகழ்த்தப்படுவது நினைவில் நிற்கிறது. தோற்ற படையும் வென்ற படையும் ஊருக்கு அயலாராகவே இருந்த ஒரு போரை யார் எதற்காக விழாவெடுப்பர்?

பெய்லிக்கு அவருடைய உறவினர் 1816இல் நினைவிடம் எழுப்பினார், அது சீரங்கப்பட்டினத்தில் உள்ளது. புள்ளலூரில் வயல்களுக்கிடையே இரண்டு தூண்கள் நிற்கின்றன. இவற்றை 1780ஆம் ஆண்டுத் தோல்வியின் சின்னங்களாகக் கருதிச் செல்வோர் உண்டு. இக்கட்டுரையாளரும் முதன்முறை அவ்வாறே எண்ணிச் சென்றார். ஆனால் அவை 1781 ஆகஸ்டு 27 அன்று அதே நிலப்பகுதியில் சர் அயர் கூட் தலைமையில் நடந்த இரண்டாம் போரில் மாண்ட ஆங்கில அதிகாரிகள் இருவருக்கு எழுப்பப்பட்டவை. முதற்போரின் சிப்பாய்கள் எரிக்கப்பட்டார்களா, புதைக்கப்பட்டார்களா, எந்த வயலில் என்பதைச் சொல்லும் கல் அங்கில்லை. தூண்களைச் சுற்றி நெல் நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் நின்று தெற்கே பார்த்தால் காஞ்சி தெரியவில்லை, பனைமரங்களே தெரிந்தன. 1780 செப்டம்பர் 10 காலையில் அத்திசையிலிருந்து இங்கே நோக்கியவர்களுக்கும் புகைக்கு மேல் எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அச்சிப்பாய் இவ்வரப்புகளில் ஏதோ ஒன்றின்மீதுதான் தெற்கு நோக்கி நடந்திருப்பார்.